நாம் படிக்க வேண்டிய போர் நூல்கள்

போரை வெறுப்பவர் போர் நூலையும் வெறுக்கின்றனர். "கொன்றவன் கதையும் கொலையுண்டவன் கதையும் நமக்கு எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் நம் சங்கத்திலும் உண்டு. மற்றொரு சாரார் போர் நூலை விரும்பிப் படிக்கின்றனர். ஆனால் வாள் வீச்சுக்காகவும் வெற்றி முழக்கத்துக்காகவுமே படிக்கின்றனர். இரு சாராரிடமும் எனக்கு உடன்பாடு இல்லை. போர் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வோர் சிலர். அதற்கு உயிராலும் வரியாலும் பசியாலும் விலை கொடுப்போர் பலர். அப்பலருள் நாமும் இருக்கிறோம். விலை இன்னதென அறியாமல் கைதட்டுவதும் தவறு. அறியாமலே முகம் திருப்பிக்கொள்வதும் தவறு. ஆதலால் மாணவ நண்பர்கள் படிக்கத்தக்க சில நூல்களை இங்கே கூற விரும்புகிறேன்.

தொலைவில் உள்ள வாட்டர்லூவைத் தேடிப் போக வேண்டுவதில்லை. திருப்பதியிலிருந்து சித்தூருக்கு இரயிலேறினால் சந்திரகிரிக் கோட்டை வருகிறது. பின்னர்ப் பாக்காலா வருகிறது. அதன் அருகேதான் தாமல்செருவுக் கணவாய். 1740ஆம் ஆண்டு மே மாதம் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலி அங்கே மராத்தியரை எதிர்த்து நின்று மாண்டார். மேலும் சென்றால் சித்தூர். அவ்வூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில்தான் 1782 டிசம்பர் 7ஆம் நாள் ஐதர் அலி உயிர் நீத்தார். நாம் கொய்யாப்பழம் தின்றுகொண்டு கடந்து செல்லும் வழி இது!

இவற்றை அறிய நான் முதலில் சொல்லும் நூல் இராபர்ட் ஓர்ம் எழுதிய இந்துஸ்தானப் போர் வரலாறு. முதற்பகுதி 1763இலும் அடுத்தது 1778இலும் வெளிவந்தன. ஓர்ம் கேரளத்து அஞ்சுதெங்கில் பிறந்தவர். சென்னைக் கோட்டையில் ஆலோசனைக் குழுவில் இருந்தவர். தாமல்செருவில் நவாபு தோற்றது வீரக் குறைவால் அன்று, மலையின் வேறொரு வழியைக் காத்துநின்ற அவருடைய அதிகாரியே எதிரிக்கு வழிவிட்டதால் என்று அவர் கூறுகிறார். படைக்குப் பணம் வந்த வழியையும் அவர் மறைக்கவில்லை. திருப்பதிக் கோயில் வருவாயை நவாபு கும்பெனியாருக்கு ஒப்படைத்ததையும், அவ்வருவாய்க்காக இம்மலையடிவாரத்தில் நடந்த சண்டைகளையும் அவர் நூலில் காணலாம். அடியார் இட்ட காணிக்கை துப்பாக்கி மருந்தாக மாறிய காலம் அது! எனினும் ஓர்ம் கும்பெனியின் ஊழியர் என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

இரண்டாவது, கர்னல் மார்க் வில்க்ஸ் 1810 முதல் 1817 வரை வெளியிட்ட தென்னிந்திய வரலாறு. ஐதரின் இறுதியை அதில் படியுங்கள். திப்பு அப்பொழுது மலையாளக் கரையில் இருந்தார். தலைவர் மறைந்த செய்தி பரவினால் படை கலைந்துவிடும். ஆகவே அமைச்சர்கள் வாய் திறவாமல், உடலைப் பெட்டியில் வைத்து, விலையுயர்ந்த பொருளை அனுப்புவது போல் அனுப்பிவிட்டு, மகன் வந்து சேரும்வரை பாசறையைக் காத்தனர். பெரும்படை ஒன்று கட்டுக்குலையாமல் நிற்பதற்குத் தளபதியின் வாளைவிடக் கணக்கரின் கட்டுப்பாடும் தேவை என்பதை இப்பகுதியைப் படித்தபோதுதான் நான் உணர்ந்தேன்.

இவ்விருவரும் ஆங்கிலேயர். நம்மவர் குரல் வேண்டுமானால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுக்க வேண்டும். 1736 முதல் 1761 வரையில் புதுச்சேரியில் இருந்துகொண்டு அவர் தமிழில் எழுதி வைத்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும் அதில் உள்ளன. அவர் போர்வீரர் அல்லர், வணிகர்; துய்ப்ளேயின் துபாஷி. போர்ச் செய்தி ஓர் ஊருக்குள் எப்படி நுழைகிறது, வதந்தி எப்படி வளர்கிறது, யார் எதைப் பதுக்குகிறார், யார் யாரிடம் போய்க் கைகட்டி நிற்கிறார் என்பதெல்லாம் வணிகர் கண்ணுக்கே நன்கு தெரியும். நடை பேச்சுநடை; கடினமாக இருக்குமோ என அஞ்ச வேண்டா.

இனி நம் காலத்தை ஒட்டிய போர்களுக்கு வருவோம். 1942இல் பர்மா வீழ்ந்தது. அத்தோல்வியில் பின்வாங்கிய படையை நடத்தி, 1945இல் அதே நாட்டை மீட்ட தளபதி ஸ்லிம், 'தோல்வியிலிருந்து வெற்றிக்கு' என்னும் பொருள்பட ஒரு நூலை 1956இல் வெளியிட்டார். தளபதிகள் எழுதும் நினைவு நூல்களில் பிழை யாவும் பிறருடையதாகவே இருக்கும். ஸ்லிம் தம் பிழைகளைத் தாமே எடுத்துச் சொல்கிறார். அதனாலேயே அந்நூல் எனக்குப் பிடிக்கும்.

ஆயினும் அதை மட்டும் படித்து நிறுத்தினால் பாதிதான் தெரியும். அதே 1942இல் இரங்கூனிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட மக்களுள் ஒருவர் நம் எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா. 'எனது பர்மா வழிநடைப் பயணம்' அவருடைய நூல். தளபதியின் வரைபடத்தில் ஓர் அம்புக்குறியாகத் தெரிவது, சர்மாவின் ஏட்டில் வீங்கிய காலாகவும் கிடைக்காத குடிநீராகவும் தெரிகிறது. எதிரணியில் நின்ற இந்திய தேசிய இராணுவத்தை ஸ்லிம் உயர்வாக எண்ணவில்லை. மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாகச் சேர்ந்த அப்படையின் உள்ளத்தை அறிய, ஜான்சிராணிப் படையை நடத்திய லட்சுமி சாகலின் நினைவு நூலைச் சேர்த்துப் படியுங்கள். அது 1997இல் வெளிவந்தது.

இப்படி இரண்டிரண்டாகப் படிப்பதே என் முறை. 1962 சீனப் போருக்கும் இது பொருந்தும். நாம்கா சூ ஆற்றங்கரையில் ஏழாவது படைப்பிரிவை நடத்திச் சிறைப்பட்ட பிரிகேடியர் தால்வியின் 'ஹிமாலயன் பிளண்டர்' 1969இல் வந்தது. குளிருக்கு ஏற்ற உடையும் போதிய குண்டும் இல்லாத வீரர்களை, களத்தைக் காணாதவர்கள் எப்படி முன்னே தள்ளினர் என்பதை அவர் நெஞ்சு பொறுக்காமல் எழுதுகிறார். அவர் குற்றம் சாட்டும் ஜெனரல் கவுல் 1967இலேயே 'தி அன்டோல்ட் ஸ்டோரி' என்று தம் கட்சியை எழுதிவிட்டார். இரண்டையும் படித்துத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். என் தீர்ப்பு தால்வியின் பக்கம் சாய்கிறது. எனினும் கவுலைப் படியாமல் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"தமிழில் இத்தகைய மரபு இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. முதற்குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கம் வென்றதைச் சயங்கொண்டார் பரணியாகப் பாடினார். அது வென்றவர் ஏடு. புறநானூற்றில் பாரி மகளிர் தந்தையையும் குன்றையும் இழந்து கலங்குகின்றனர். அது வீழ்ந்தவர் ஏடு. இரண்டையும் ஒருங்கே போற்றிய மொழி நம்முடையது.

ஆனால் ஒரு குரல் மட்டும் எங்கும் அரிதாகவே கேட்கிறது. அது சாதாரணச் சிப்பாயின் குரல். சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்ற சீதாராம் எழுதியதாக, நார்கேட் என்பவர் ஆங்கிலத்தில் தந்த நூல் ஒன்று உண்டு. அதுவும் உண்மையில் அவர் எழுதியதுதானா என்று அறிஞர் வாதிடுகின்றனர். தளபதிகளின் நூல்கள் அலமாரியை நிறைக்கின்றன. சிப்பாயின் நூலோ ஒன்றிரண்டு, அதிலும் ஐயம்!

இக்குறையை நாம் ஓரளவு போக்க முடியும். சித்தூருக்குத் தெற்கே வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை போலத் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் இப்பக்கத்தில் உள்ளன. நம்முள் பலருடைய ஊர்களிலும் 1962ஐயும் 1965ஐயும் 1971ஐயும் கண்ட முதியவர்கள் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் வெற்றிக் கதை கேட்க வேண்டா. என்ன உண்டீர்கள், எதற்கு அஞ்சினீர்கள், வீட்டுக்கு என்ன எழுதினீர்கள், உடன் இருந்தவர் யார், திரும்பாதவர் யார் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னபடியே, சொல்லை மாற்றாமல் எழுதி வையுங்கள். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்வோர் ஆளுக்கு ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால், நம் இதழின் ஒரு பகுதியை அதற்கே ஒதுக்கலாம் என்பது என் வேண்டுகோள். அம்முதியவர்களுள் மிக இளையவருக்கும் எழுபது கடந்துவிட்டது. ஆதலால் இவ்வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட வேண்டா.