குப்பை போடும் பூ

எங்கள் கே.கே. நகரில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் சிநேகிதர் ஒருவர், போன மாதம் தம் வீட்டுப் பவழமல்லியை வெட்டிப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "தினம் காலையில் வாசலெல்லாம் குப்பை, ஸார்!" என்றார். அவர் குப்பை என்றது பூவை!

வெட்டிய இடத்தில் சிமெண்டு பூசி, அதன்மேல் பீங்கான் தொட்டியில் ஓர் அசேலியாச் செடியை வைத்திருக்கிறார். ஊட்டிக்குப் போனபோது வாங்கி வந்ததாம். செடியின்மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், அது குளிர்ச்சியும் புளித்த மண்ணும் கேட்கிற ஜாதி. திருச்சியின் சித்திரை வெயிலில், போர்த் தண்ணீரின் உப்பைக் குடித்துக்கொண்டு எத்தனை நாள் தாங்கும்? தாங்கினாலும், தொட்டியில் விற்கிற ரகங்களில் அநேகமாக மணம் கிடையாது.

மணமுள்ள அசேலியா உலகத்தில் இல்லாமலில்லை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் தானாக வளர்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அதை வீட்டுத் தோட்டத்தில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ரொம்ப நியாயம். தங்கள் மண்ணில் முளைத்ததைத் தங்கள் வாசலில் வைக்கிறார்கள். நாம் காப்பியடிக்க வேண்டியது அந்தப் புத்தியை; செடியை அல்ல.

நமக்கு என்ன குறைச்சல்? முல்லை இருக்கிறது, குண்டுமல்லி இருக்கிறது. பவழமல்லியோ விதை போட்டாலும் முளைக்கும், கிளையை நட்டாலும் துளிர்க்கும். அந்தியில் மலர்ந்து, இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளை மணத்தாலே கூப்பிடும், விடியும்போது உதிர்ந்துவிடும். அதன் காம்பிலிருந்து சாயம் எடுத்துப் பட்டுக்கு ஏற்றியிருக்கிறார்கள். தரையில் விழுந்த பூ பூஜைக்கு ஆகாது என்று விதித்த பெரியவர்கள், இந்த ஒரு பூவுக்கு விலக்குக் கொடுத்தார்கள். காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டினார். இக்கரையில் நமக்குப் பூ குப்பையாகிவிட்டது!

இதை எழுதிக்கொண்டிருந்தபோது என் மனைவி எட்டிப் பார்த்தாள். "எல்லாம் சரி, தினமும் பெருக்குவது யாராம்?" என்றாள். சிநேகிதர் வீட்டிலும் பெருக்குகிறவர் அவரில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூவை ரசிப்பது ஒருத்தர், குனிந்து வாருவது இன்னொருத்தர் என்றிருந்தால் எந்தப் பூவும் குப்பைதான்.

அவர் வெட்டிப் போட்ட கிளையில் ஒன்றைக் கொண்டுவந்து கிணற்றடியில் நட்டிருக்கிறேன். இரண்டு துளிர் விட்டிருக்கிறது. பூக்கட்டும், வாசலெல்லாம் கொட்டட்டும். விளக்குமாற்றை நான் எடுத்துக்கொள்கிறேன்.