காசில்லை என்று ஒரு பெயரும் விடுபட வேண்டாம்



பள்ளி திறந்ததும் சாரணர் இயக்கத்துக்குப் பெயர் கேட்பார்கள். ஆசையோடு கை தூக்கும் பிள்ளைகளில் சிலர் அடுத்த வாரமே ஒதுங்கிவிடுகிறார்கள். சீருடை, தொப்பி, பெல்ட், ஸ்கார்ஃப், முகாம் கட்டணம் என்று வீட்டில் சொன்னதுமே பேச்சு முடிந்துவிடுகிறது. உப்பளக் கூலியில் அடுப்பெரியும் வீட்டுக்கு அது பெரிய செலவு.

சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமில் பணக்காரப் பள்ளி மாணவர்களும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அணியில் இருந்தார்கள். வசதியுள்ளவருக்குக் கட்டணம் ஒரு பவுண்டு. இல்லாதவருக்கு மூன்றரை ஷில்லிங், அதாவது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆனால் 1909இல் பெங்களூருக்கு வந்த சாரணியம் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே என்றானது. நம் பிள்ளைகளுக்காக 1916இல் சென்னையில் தனிச் சங்கம் கண்டவர்கள் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும். அதில் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள்.

அன்று தடுத்தது இனபேதம். இன்று தடுப்பது காசு.

மீனவர் ஊர்களான மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் வளரும் பிள்ளைக்குக் கயிறும் முடிச்சும் வீட்டுப் புழக்கம். சாரணர் தேர்வில் 'க்ளோவ் ஹிட்ச்' முடிச்சுப் போடச் சொன்னால் அந்தக் கை தயங்காது. பனையேறி வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான். இவர்களை வெளியே நிறுத்தினால் நட்டம் இயக்கத்துக்கே.

எல்லா மதத்தாருக்கும் இயக்கத்தில் இடமுண்டு. உறுதிமொழியில் 'கடவுள்' என்பதற்குப் பதில் 'தர்மம்' என்று சொல்லவும் பாரத சாரணர் இயக்கம் அனுமதிக்கிறது. முகாமில் ஒன்றாகச் சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாதி பார்த்துப் பழகிய ஊர்களுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

தாது வருடப் பஞ்சத்தில் ஆதரவிழந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, 1878இல் தொழிற்பள்ளி தொடங்கிய மிஷனரி மர்காஷிஸ் ஐயரின் ஊர், தூத்துக்குடி மாவட்டத்து நம் நாசரேத். வசதியில்லாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது நமக்குப் புதிய வேலை அல்ல.

பழைய மாணவர்களே, உங்கள் பிள்ளைக்குச் சிறிதாகிப்போன சீருடையைத் துவைத்துப் பள்ளியில் கொடுங்கள். வசதியுள்ளவர்கள் இன்னொரு பிள்ளையின் முகாம் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டுங்கள், யாருக்கென்று கேட்காதீர்கள். தலைமையாசிரியர்களே, பயிற்சியைப் பள்ளி நேரத்துக்குள் வையுங்கள். தூரத்து ஊர்ப் பிள்ளைக்குக் கடைசி பஸ் போய்விடக் கூடாது. இந்த ஆண்டு கை தூக்கிய பிள்ளைகள் அத்தனை பேரும் முகாமுக்குப் போகட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்