எச்சரிக்கைகளை வகுப்பவர் யார்?

நிரலை இயக்காமலேயே அதன் மூலவடிவத்தை வாசித்துக் குற்றங்குறை கூறும் கருவிகள் இன்று கணனித்துறையிற் பெருகியுள்ளன. அவை தரும் எச்சரிக்கைகள் பல வேளைகளில் ஆயிரக்கணக்கில் எழுகின்றன. கருவியை ஆக்கியோர் அவற்றைக் ‘கடுமையானவை’, ‘சிறியவை’ எனத் தாமே தரம் பிரித்தும் விடுகின்றனர். நம்மவருட் பலர் முதற்றரத்தை மட்டும் நோக்கிவிட்டு, ஏனையவற்றை வடிகட்டி மறைத்துவிடுகின்றனர். கேட்டால், கருவியே அவ்வாறுதான் கூறுகின்றது என்பர். இது சோம்பலின் வாதமேயன்றி அறிவியலின் வாதமன்று.

கருவியை ஆக்கியவர் உலகத்து நிரல்கள் அனைத்துக்கும் பொதுவாகவே வகுக்கின்றார். ஒரு நிரல் நோயாளிக்கு மருந்தின் அளவைக் கணிக்கின்றதா, திரையிலே பொம்மையை ஆட்டுகின்றதா என்பதை அவர் அறியார். அறிந்தவர் நிரலை எழுதுபவரே.

2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் அவசரமாகத் திருத்திய வழு இங்கு நினைவுகூரத்தக்கது. இணையத் தொடர்பின் மறுமுனையிலுள்ள வழங்கியின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சி மொழிப் பகுதியில், தாவற் கட்டளை வரியொன்று தவறுதலாக இருமுறை இடம்பெற்றிருந்தது. இரண்டாவது வரி எந்நிபந்தனைக்கும் கட்டுப்படவில்லை. அதன் கீழிருந்த இறுதிச் சோதனையை நிரல் ஒருபோதும் அடையவில்லை. ஆயினும் சோதனை வென்றதாகவே விடை திரும்பியது. ஒரே வரி! ‘அடைய முடியாத கூற்று’ என எச்சரிக்கும் வசதி கிளாங் தொகுப்பியில் இருந்தது. ஆனால், ‘எல்லாம்’ என்று பெயர் தாங்கிய வழமையான எச்சரிக்கைத் தொகுதியுள் அது சேர்க்கப்படவில்லை. பொம்மையாட்டும் நிரலில் அடைய முடியாத கூற்று வெறும் குப்பையாக இருக்கலாம். கையொப்பம் சரிபார்க்கும் நிரலில் அது திறந்த வாயிலாகும்.

இவ்வெச்சரிக்கையின் வரலாறும் சுவையானது. பெல் ஆய்வுகூடத்தில் எழுபதுகளில் ஸ்ரீபன் ஜோன்சன் ஆக்கிய ‘லின்ற்’ என்னும் கருவியே இவ்வகைக் கருவிகளுக்கு மூதாதை. அடைய முடியாத சிலவகைக் கூற்றுகளை அது வழமையாக அறிவிப்பதில்லை. ‘யாக்’ போன்ற நிரலாக்கிகள் அத்தகையவற்றை ஏராளமாகப் பிறப்பித்தமையே காரணம். அந்த யாக்கை ஆக்கியவரும் அதே ஜோன்சன்தான்! தம் சூழலை அறிந்து அவர் வகுத்தார். நாமோ பிறர் சூழலுக்குரிய வகுப்பை இரவல் வாங்குகின்றோம்.

சொந்த வகைகளை அனுமதித்தால், ‘பின்னர் பார்க்கலாம்’ என்றொரு வகையை அமைத்து அனைத்தையும் அதனுள் புதைத்துவிடுவர் என்று சிலர் கூறுவர். உண்மைதான், அத்தகைய புதைகுழிகளை யானும் கண்டுள்ளேன். அதற்குப் பரிகாரம் வகுப்பதைத் தடுப்பதன்று. ஒவ்வொரு வகைக்கும் காரணமும், பொறுப்பாளியும், மீளநோக்கும் நாளும் எழுதப்படவேண்டும். வடிகட்டி மறைத்தவை கண்ணுக்கு மறையலாம்; கணக்கில் மறையலாகாது. குறியாக்கச் சோதனைக்குரிய கோப்புகளில் எழும் எந்தச் ‘சிறிய’ எச்சரிக்கையும், மனிதர் ஒருவர் வாசித்துத் தீர்க்கும்வரை மேல்வகையிலேயே நிற்கவேண்டும்.

மாணவர் செயற்றிட்டங்களை மதிப்பிடுவோரிடம் எமது கோரிக்கை ஒன்றே. எச்சரிக்கைகள் பூச்சியம் என்ற பெருமைக்குப் புள்ளி வழங்காதீர்கள். எதனை எவ்வகையில் இட்டோம், ஏன் இட்டோம் என விளக்கும் ஒரு பக்கத்தைக் கேளுங்கள். புள்ளியை அதற்கு வழங்குங்கள்.