பதக்கத்தை விடுங்கள், இரண்டாவது கிளாஸைக் கவனியுங்கள்

செப்டம்பர் பிறந்ததும் பிரான்சின் பல்பொருள் அங்காடிகளில் ஒயின் விற்பனைத் திருவிழா தொடங்கிவிடும். இந்த வாரம் நானும் போனேன். ஐந்து யூரோவுக்குள் கிடைக்கும் கோத் து ரோன் சிவப்பு ஒயின் வரிசையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்கப் பதக்க ஸ்டிக்கர். எனக்குக் கோபம்தான் வந்தது. விலை பார்த்து வாங்குகிறவரைத் தன் நாக்கை நம்பவிடாமல் செய்வது அந்த ஸ்டிக்கர்தான்.

கலிஃபோர்னிய மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை, மற்ற ஒயின்களுக்கு நடுவே, நடுவர்கள் அறியாமல் மூன்று முறை வைத்தார். பத்தில் ஒரு நடுவர்தான் மூன்று முறையும் ஒரே தரத்துக்குள் மதிப்பெண் போட்டார். ஆய்வு 2008இல் வெளியானது. பதக்க ஸ்டிக்கர்கள் மட்டும் குறையவில்லை.

நடுவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே அமர்வில் பல டஜன் ஒயின்களை உறிஞ்சித் துப்பினால் எந்த நாக்கும் மரத்துப்போகும். அங்கே எடுப்பாகத் தெரிவது ஓங்கிப் பேசும் ஒயின்தான். தினமும் சாப்பாட்டோடு குடிக்க வேண்டியது அதுவல்ல.

இந்த இடத்தில் எமில் பெய்னோவை அழைக்காமல் என்னால் நகர முடியாது. அவர் போர்தோவின் ஒயின் அறிவியலாளர். ஒயினைச் சுவைப்பது பற்றி 1980இல் அவர் எழுதிய நூலை இந்த வாரமும் பிரித்தேன். சிவப்பு ஒயினின் முதுகெலும்பை அதில் எளிமையாகக் காட்டுகிறார்: ஆல்கஹாலுக்குள் ஓர் இனிப்பு இருக்கிறது, புளிப்பையும் துவர்ப்பையும் தாங்கிப் பிடிப்பது அந்த இனிப்பே. ஆல்கஹாலைப் பிரித்தெடுத்துவிட்டால் மிஞ்சுவதை வாயில் வைக்க முடியாது. துவர்ப்பு மிகுந்தால் புளிப்பு குறைந்திருக்க வேண்டும். புளிப்பு தூக்கலாக இருந்தால் துவர்ப்பு அடங்க வேண்டும். மலிவான ஒயினை எடைபோட இந்தக் கணக்கு போதும்.

இதை வீட்டில் செய்து பார்க்கலாம். முதலில் புட்டியை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொன்ன காலத்தில் அறைகளே குளிர்ந்திருந்தன. இன்றைய 22 டிகிரி வீட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறி எரியும். 16 டிகிரியில் பழவாசம் தெளியும். முதல் மிடறைச் சாப்பாட்டுக்கு முன் குடியுங்கள். பாக்கு மென்றதுபோல ஈறு இழுத்துப் பிடித்தால், அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். துவர்ப்பைத் தரும் டானின் உங்கள் எச்சிலிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வரும் இழுப்பு அது. ஆட்டுக்கறியோ பாலாடைக்கட்டியோ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி குடித்தால் இழுப்பு தளர்ந்திருக்கும். நம் காரக்குழம்புக்கு மட்டும் இந்தத் துவர்ப்பான ஒயின் ஒத்துவராது. மிளகாய் துவர்ப்பையும் எரிவையும் கூட்டிவிடும். அதற்கு காமே திராட்சையில் செய்த, துவர்ப்பு குறைந்த பொஜோலேதான் சரி. அதை இன்னும் கொஞ்சம் குளிர வைக்கலாம். இரண்டாவது கிளாஸைக் கை தானாக ஊற்றுகிறதா என்பதே கடைசித் தேர்வு.

பெய்னோவுக்கு நாம் பட்ட கடன் இதைவிடப் பெரியது. பாதாள அறைகளையும் பீப்பாய்களையும் சுத்தமாக வைக்கச் சொல்லி விவசாயிகளிடம் ஓயாமல் மன்றாடியவர் அவர். ஒயினின் கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். அதுவரை பெரும்பாலும் தற்செயலாக நடந்த அந்த இரண்டாம் நொதிப்பைக் கட்டுப்படுத்தவும் கற்றுக்கொடுத்தார். இன்று நான்கு யூரோ ஒயின்கூட காடியாகாமல், பூஞ்சை வாடையில்லாமல் வருவதற்குப் பின்னால் இந்தப் பாடங்கள் இருக்கின்றன. பெரும் மாளிகைகளின் ஒயினுக்குப் புகழ்பாட ஆயிரம் பேர் உண்டு. அன்றாட ஒயினைப் பழுதில்லாமல் செய்வதும் அதே அளவு அறிவைக் கேட்கும் வேலைதான். அதைக் குடிக்கிறவர்களும் அதே அக்கறையோடு சுவைக்க வேண்டும்.