சுவரில் கணக்கு, சபையில் பேச்சு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனை, அதன் மருத்துவருக்கும் பணிப்பெண்களுக்கும் எவ்வளவு நெல், என்னென்ன மருந்து இருப்பு என்பதெல்லாம் 11ஆம் நூற்றாண்டிலேயே பொதுச் சுவரில் ஏறிவிட்டன. இன்றைய கிராம சபைக்கு முதலில் தேவை இதுதான். ஆண்டுக்கு 6 முறை கூடச் சொல்கிறது அரசு. ஆனால் வரவு செலவைக் கூட்டத்தில் வேகமாக வாசித்துக் கையெழுத்து வாங்கினால், யார் என்ன கேட்க முடியும்? 10 நாள் முன்பே கணக்கை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். தெருதோறும் ஒரு குழு உட்கார்ந்து ஏரி மதகு, குடிநீர்க் குழாய், மணல் லாரி பற்றிப் பேசிவிட்டு, கேள்விகளோடு சபைக்கு வரட்டும்.

தெருக் குழு சாதிக் குழுவாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. குடத்தில் ஓலையிட்டுச் சபையினரைத் தேர்ந்த, பக்கத்து உத்திரமேரூரின் குடவோலை முறையைக் கொண்டாடும் நாம், நிலமற்றவருக்கு அதில் இடமில்லை என்பதை மறைக்கக் கூடாது. ஆகவே குழு ஊருக்குள்ளும் காலனியிலும் மாறி மாறிக் கூடவேண்டும். பெண்கள் பாதிப்பேராவது இருக்கவேண்டும். சபை போடும் தீர்மானத்தை அரசு மதிக்காதே என்பார்கள். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. திட்டம் நிற்கவில்லை, உண்மை. ஆனால் அந்த ஊரின் மறுப்பு எழுத்தில் பதிவாகியிருக்கிறது. ஊர் சம்மதித்தது என்று இனி எவரும் சொல்ல முடியாது.