கையின் பிழையா, தோலின் பிழையா?

கடந்த சில மாதங்களாக என் கன்னத்திற் காணப்பட்ட கீறல்களைப் பற்றி மன்னார் நகரில் என்னை அறிந்தவர் பலரும் விசாரித்துவிட்டனர். பூனை வளர்க்கிறீரோ என்று கேட்டவரும் உளர். வயது போனாற் கை நடுங்குவது இயல்புதானே என்று ஆறுதல் கூறியவரும் உளர். இரண்டாமவர் கூற்றை நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையால் விளைந்த நட்டத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் இன்றும் மடக்குச் சவரக்கத்தியால் முகம் வழிப்பவன். பழைமை மோகம் என்று எவரும் எண்ண வேண்டா. அந்தக் கத்தி என் தந்தையாருடையது. தலைமன்னார் இறங்குதுறையில் அவர் வேலை பார்த்த காலத்தில், கப்பலில் வந்த ஒருவரிடம் விலைக்கு வாங்கியது. ஷெபீல்ட் நகரத்து உருக்கு. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1980களில் அதுவும் நின்றது, தந்தையாரும் மறைந்தார். 1990இல் நாங்கள் ஊரைவிட்டு மடுவுக்கு ஓடியபோது விட்டுச் சென்றவற்றைக் கணக்கெடுக்கப் புகுந்தால் அதற்கு முடிவிராது. அம்மாவின் கொட்டைப்பெட்டிக்குள் வெற்றிலையோடு வெற்றிலையாக இந்தக் கத்தி மட்டும் எங்களுடன் வந்தது.

கத்தி வந்தது, அதைத் தீட்டும் தோல்வார் வரவில்லை. பின்னர் எங்கோ கிடைத்த பழைய வார் ஒன்றை வைத்து இத்தனை காலமும் சமாளித்தேன். அதுவும் வெடித்துப் போகவே, இவ்வாண்டு கொழும்பிலுள்ள ஒரு கடைக்குப் பணம் அனுப்பிப் புதியதொன்றைத் தபாலில் வருவித்தேன். பொதியை அவிழ்த்தபோது கண் குளிர்ந்தது. தேன் நிறம், கண்ணாடி போன்ற மினுக்கம், பித்தளை வளையம். பெண் பார்க்கப் போனவன் நகையைப் பார்த்து மயங்கிய கதைதான்.

இக்காலத்து இளைஞருக்குத் தோல்வாரின் வேலையைச் சற்று விளக்க வேண்டும். கத்தியின் வாய், சாணைக்கல்லில் தீட்டி முடித்ததும் கூராகிவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிசிறு அதன் விளிம்பில் நிற்கும். சவரம் செய்யுந்தோறும் அவ்விளிம்பு அங்குமிங்கும் மடிந்துவிடும். வாரின் ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையைக் கையால் இழுத்துப் பிடித்து, கத்தியின் முதுகு முன்னே செல்ல வாய் பின்னே இழுபடுமாறு முதலில் துணிப்பட்டையிலும் பின்னர்த் தோலிலும் தேய்த்தால் விளிம்பு நேராகும். முதுகும் வாயும் ஒருசேரத் தோலில் தட்டையாகப் படிந்து செல்ல வேண்டும் என்பதே இதில் முக்கியம். தோல் தட்டையாக இல்லையேல், தீட்டுகிறோம் என்று எண்ணிக்கொண்டு நாம் கத்தியை மழுக்குகிறோம்.

நான் அதைத்தான் செய்தேன். முதற்கிழமை முகம் எரிந்தது. சவர்க்காரம் சரியில்லை என்று வேறு வாங்கினேன். இரண்டாங்கிழமை சோளகக் காற்றின் உப்பைக் குறை கூறி, கத்திக்குத் தேங்காயெண்ணெய் பூசி வைத்தேன். பின்னர் என் கையைக் குறை கூறினேன். அதன் பின்னர், சொல்லவே கூசுகிறது, தந்தையாரின் கத்தியைக் குறை கூறினேன். உருக்கு செத்துவிட்டதென்று முடிவு செய்து மூன்று தடவை அதைச் சாணைக்கல்லில் வைத்துத் தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் நன்றாக இருக்கும். மறுநாள் புதுவாரில் தீட்டியதும் பழைய கதை. வாரின் மீது மட்டும் எனக்கு ஐயமே எழவில்லை. அது புதிதல்லவா? அதுவும் கொழும்பிலிருந்து வந்ததல்லவா?

முடிவில், இப்போது ஓய்ந்திருக்கும் ஒரு பழைய சவரத் தொழிலாளியிடம் போனேன். வயதில் என்னிலும் மூத்தவர். அண்ணர் என்றே அழைப்பேன். இன்றைய சலூன்களில் ஆளுக்கொரு புதிய அலகு மாற்றும் பிடிக்கத்திதான். நோய் தொற்றாதிருக்க அதுவே நல்லது என்று அவரே கூறுவார். ஆயினும் தம் பழைய வாரை இன்னும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். என் கத்தியை அவர் பார்க்கவேயில்லை. வாரைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரலை அதன்மேல் மெதுவாக ஓட்டினார். பாதியில் விரல் நின்றது.

"மாஸ்டர், உங்கட கையில பிழையில்ல. தோலிலதான் பிழை. இது என்ன, எங்கட ஊர்க் கழுதைத் தோலோ?"

மன்னாரில் கழுதைகளுக்குக் குறைவில்லையாதலால் இருவரும் சிரித்தோம். சிரித்தபின் அவர் காட்டியதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாரை இழுத்துப் பிடித்து அதன் குறுக்கே அடிமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே நோக்கினால் நடுவில் ஒளி புகுந்தது. அவ்விடத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம். அதற்கு ஒரு சாண் தள்ளி, மாடு உயிரோடிருந்தபோது ஏற்பட்டு ஆறிய தழும்பொன்று தடித்து நின்றது. மேலே பூசிய மினுக்கு அதைக் கண்ணுக்கு மறைத்திருந்தது, விரலுக்கு மறைக்கவில்லை. வாரை உள்நோக்கி வளைத்தபோது மேற்படை கழன்று மெல்லிய சுருக்கங்களாக எழுந்தது. வயிற்றுப்புறத் தோல் என்றார் அண்ணர். மாட்டின் முதுகும் பிட்டமும் சார்ந்த தோல் நெருங்கிய நாருடையது. வயிற்றுப்புறத் தோல் தளர்ந்த நாருடையது. இழுத்தால் ஓரிடம் நீளும், ஓரிடம் நீளாது. எங்கள் கரையோரப் பற்றைகளில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவரசின் பட்டையிலே பதனிட்ட முதுகுத் தோல்தான் இதற்கு ஏற்றதென்பது அவர் கட்சி. தமிழகத்தில் திண்டுக்கல், திருச்சிப் பக்கங்களில் அவ்வாறு பதனிட்ட தோல் ஒரு காலத்தில் இலண்டன் வரை பெயர் பெற்றிருந்தது.

கடைக்கு எழுதினேன். தோல் இயற்கைப் பொருள், சிறு வேறுபாடுகள் இருக்கும், பழகப் பழகச் சரியாகும், விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது என்று பதில் வந்தது.

இதில் முதற்பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. புதிய வார் விறைப்பாக இருப்பதும், கத்தி அதில் வழுக்கிச் செல்வதும், ஓரம் சிறிது சுருள்வதும் இயற்கையே. உள்ளங்கையால் நாள்தோறும் தேய்த்து வந்தால் சில கிழமைகளில் அவை தீரும். ஆனால் பள்ளம் பழக்கத்தால் நிரம்பாது. தழும்பு தேய்த்தால் மறையாது. இயற்கை என்ற சொல்லைக் குறைபாட்டின்மேற் போர்த்துவது, தழும்பின்மேல் மினுக்குப் பூசிய அதே தொழில்தான்.

அண்ணர் ஒரு வழி கூறினார். நுரைக்கல்லால் மேற்படையைத் தேய்த்தெடுத்து, கண்ணாடிப் போத்தலை உருட்டி அழுத்தினால் ஓரளவு சமப்படுத்தலாம். என் கை துடித்தது. ஏனெனில் நாங்கள் பழுது பார்த்தே வாழ்ந்தவர்கள். தடை விதிக்கப்பட்டு மின்கலம்கூடக் கிடையாத அந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாங்கள். கிடைத்ததை ஒட்டி, கட்டி, தைத்துப் பாவித்தோம். அதில் எனக்குப் பெருமையுண்டு. ஆயினும் அக்காலத்துத் திறமை இக்காலத்தில் ஒரு தீய வழக்கமாக மாறிவிட்டதோ என்று அஞ்சுகிறேன். உழைத்துத் தேய்ந்த பொருளைப் பழுது பார்ப்பது நன்றிக்கடன். ஒரு நாளும் உழைக்காத புதிய பொருளுக்கு நாம் என்ன கடன்பட்டோம்? முழுவிலை வாங்கியவன் செய்திருக்க வேண்டிய வேலையை, விலை கொடுத்தவன் ஏன் தன் திண்ணையிலிருந்து செய்ய வேண்டும்? வடக்கிலிருந்து எந்தப் பொதியும் திரும்பி வருவதில்லை என்று தெரிந்தால், தெற்கில் எவரும் விலக்கி வைத்ததெல்லாம் வடக்கே அனுப்பப்படும். இது அந்தக் கடையைப் பற்றிய குற்றச்சாட்டன்று, வாணிகத்தின் இயல்பு.

சட்டமும் இதில் ஊமையன்று. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. அத்தகைய பொருளை வழக்கமாக விற்பவரிடம் விவரத்தைக் கண்டு வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டுமென்பது அதன் உட்கிடை. ஆனால் பொருளைப் பெற்ற பின், விற்றவனின் உரிமைக்கு ஒவ்வாத செயலை அதில் செய்தாலோ, நியாயமான காலத்துக்கு மேல் வாளா வைத்திருந்தாலோ அதனை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். நுரைக்கல்லை ஒரு முறை வைத்திருந்தேனாயின் என் வழக்கை நானே தேய்த்திருப்பேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். நாட்காட்டியைப் பார்த்தேன். என் கையையும் காற்றையும் தந்தையாரின் உருக்கையும் குற்றஞ்சாட்டியே இரண்டரை மாதம் போக்கியிருந்தேன். எஞ்சியவை பதினொரு நாள்.

வாரைத் திரும்பப் பெறுவார்களோ, பணம் தருவார்களோ, அது அவர்கள் பாடு. ஆனால் மூன்று தடவை கல்லில் போன உருக்கை எவரும் திருப்பித் தர முடியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அலகின் அகலம் நடுவே சிறிது குறைந்திருப்பது எனக்குத் தெரிகிறது, மற்றவர்க்குத் தெரியாதிருக்கலாம்.

நேற்று முறைப்பாட்டுக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். வாரின் குறுக்கே அடிமட்டம் வைத்து எடுத்த படங்கள் மூன்றும் அதனுடன் போயின. அண்ணர் தம் சுவரிலிருந்த வாரைக் கழற்றி, அடுத்த சனிக்கிழமை வரை வைத்திருக்கும்படி தந்திருக்கிறார். கறுத்து, நடுவில் அரைநூற்றாண்டின் கைப்பளபளப்போடு இருக்கிறது. இன்று காலை அதில் இருபது இழுப்பு இழுத்தேன். கன்னத்தில் எரிச்சல் இல்லை.