புதனும் வியாழனும் டெல்லிக்காரர்களுக்கு மட்டுமா?

புதன், வியாழன் ஆகிய இரு நாள்களிலும் பட்டியலிடப்படும் வழக்குகள் அக்டோபர் 20 முதல் நேரடியாக மட்டுமே விசாரிக்கப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 7 அன்று வெளியிட்ட நடைமுறைக் குறிப்பு, பெருந்தொற்றின் பதினெட்டு மாதங்களில் அந்நீதிமன்றம் விரும்பாமலேயே பெற்றிருந்த ஒரு பெருமையை, அதாவது இந்தியாவின் எந்த மூலையிலிருந்தும் எட்டக்கூடிய நீதிமன்றம் என்னும் பெருமையை, ஒரே கையெழுத்தில் பறித்துவிட்டது. திங்களும் வெள்ளியும் காணொலி வழியாகவே நடக்கும் என்றது அக்குறிப்பு. செவ்வாய்க்கிழமை நேரடி விசாரணை என்றாலும் விண்ணப்பித்தால் திரை வழியே ஆஜராகலாம் என்றிருந்தது. புதனுக்கும் வியாழனுக்கும் விண்ணப்பிக்கவும் வழி வைக்கப்படவில்லை. செவ்வாய் மாலைவரை பழுதின்றி இயங்கும் அதே திரையும் அதே இணைப்பும் மறுநாள் காலை பத்தரை மணிக்கு எதனால் உதவாதவை ஆகின்றன என்பதற்கு அக்குறிப்பில் விளக்கம் இல்லை.

எந்த நாள்கள் மூடப்பட்டன என்பதைக் கவனித்தால்தான் இழப்பின் அளவு விளங்கும். அப்போது திங்களும் வெள்ளியும் புதிய மனுக்களுக்கான நாள்களாக இருந்தன. ஒரு மனுவை விசாரணைக்கு ஏற்பதா, தள்ளுவதா என்பது அன்று சில நிமிடங்களில் முடிவாகிவிடும். ஏற்கப்பட்ட மேல்முறையீடுகளில் இறுதி வாதம் நடந்தது வார நடுவில்தான். கீழமை நீதிமன்றச் சாட்சியம் முதல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை பக்கம் பக்கமாகப் புரட்டப்பட்டதும், வழக்கை முதல் நாளிலிருந்து அறிந்த உள்ளூர் வழக்கறிஞரின் துணை மிகுதியும் தேவைப்பட்டதும் அந்நாள்களில்தான். அவற்றுள் இரண்டைத்தான் டெல்லிக்கு வந்து நிற்கக்கூடியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினர்.

வந்து நிற்பது என்றால் என்ன என்பதை டெல்லியில் இருப்போர் அறிந்திருக்கத் தேவையில்லை. உச்ச நீதிமன்றத்தில் ஒரு தரப்பினருக்காக மனுத் தாக்கல் செய்யும் உரிமை, அந்நீதிமன்றம் நடத்தும் தேர்வில் தேறிப் பதிவுபெற்ற வழக்கறிஞருக்கே உண்டு; அவ்வாறு பதிவுபெறுபவர் நீதிமன்றக் கட்டடத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் டெல்லியில் அலுவலகம் வைத்திருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆகவே தஞ்சாவூரில் நில எடுப்பு இழப்பீட்டுக்காக வழக்காடும் ஒரு விவசாயி, தன் சொந்த ஊர் வழக்கறிஞருக்கும் சென்னை அல்லது மதுரையில் வாதாடிய வழக்கறிஞருக்கும் கொடுத்த கட்டணத்தோடு, அந்த 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் ஒருவருக்கும், பெரும்பாலும் அவர் அமர்த்தித் தரும் மூத்த வழக்கறிஞருக்கும் கட்டணம் செலுத்தியாக வேண்டும். வழக்கின் உள்விவரம் அறிந்தவரே உடன் இருக்க வேண்டுமென்றால், 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணத்தின் செலவும் தங்கும் செலவும் அதன்மேல் ஏறும். இவ்வளவுக்குப் பிறகும் வழக்கு அன்றே எடுக்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. பட்டியலில் இருபதாவது எண்ணாக இருக்கும் வழக்குக்காகக் காலையிலேயே வந்து காத்திருப்பவர், முந்தைய நாள் பாதியில் நின்ற வழக்கொன்றின் வாதம் நீண்டுகொண்டே போவதையும், தாழ்வாரத்துக் காட்சிப்பலகையில் எண் நாலிலேயே நிற்பதையும் மாலை நான்கு மணிவரை பார்த்துவிட்டு, அடுத்த வாரமா அடுத்த மாதமா என்று தெரியாமல் ஊர் திரும்புவது அங்கு அன்றாட நிகழ்ச்சி. வாய்தாவின் செலவு டெல்லி வழக்கறிஞருக்கு ஓர் ஆட்டோ கட்டணம். தென்கோடி வழக்காளிக்கு அது ஒரு போகத்தின் வருவாயாகவும் இருக்கலாம்.

காணொலி விசாரணை நீக்கியது இந்த வீண்செலவைத்தான். வழக்கு அழைக்கப்படும்வரை வழக்கறிஞர்களால் மதுரையிலோ கோயம்புத்தூரிலோ தம் அலுவலகத்தில் வேறு பணிகளைப் பார்த்துக்கொண்டிருக்கவும், அழைக்கப்பட்டதும் இணைப்பைத் திறந்து வாதாடவும் முடிந்தது; விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தவரே நாட்டின் தலைமை நீதிமன்றத்தின்முன் அச்சாட்சியத்தை விளக்கும் வாய்ப்பும், டெல்லியில் எந்த மூத்தவரின் அறிமுகமும் இல்லாத இளைஞர்களும், கைக்குழந்தையோடு பயணம் செய்ய இயலாத பெண்களும் தம் பெயரிலேயே ஆஜராகும் வாய்ப்பும் கிடைத்தன. டெல்லிக்கு அருகிலுள்ள உயர் நீதிமன்றங்களிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லும் மேல்முறையீடுகள் மிகுதி என்பதையும், சென்னை போன்ற தொலைவிடங்களிலிருந்து செல்பவை குறைவு என்பதையும் ஆய்வாளர்கள் பெருந்தொற்றுக்கு வெகுமுன்பே எடுத்துக்காட்டியுள்ளனர். தெற்கே அநீதி குறைவு என்பது அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

மறுதரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வழக்கறிஞர்களின் குமாஸ்தாக்களும் தட்டச்சர்களும் வருவாய் இழந்தனர். இணைப்பு அறுந்து வாதங்கள் பாதியில் நின்றன. நீதிபதியின் முகக்குறிப்பைப் படித்து வாதத்தை மாற்றும் கலை திரையில் செல்லுபடியாவதில்லை. நேரடி விசாரணை வேண்டுவோருக்கு அது தாராளமாகக் கிடைக்கட்டும். ஆனால் இரு முறைகளையும் இணைத்த கலப்பு விசாரணை, அதாவது ஒருவர் அரங்கிலும் மற்றவர் திரையிலுமாக ஒரே வழக்கில் வாதாடும் முறை, ஆகஸ்ட் இறுதியில் வெளியான முந்தைய குறிப்பிலேயே இடம்பெற்றிருந்தது. நேரில் வர விருப்பமா என்று அப்போது கேட்கப்பட்டதற்கு, மிகச் சிலரே ஆம் என்றனர். எதிர்பார்த்த விடை வராதபோது கேள்வியையே எடுத்துவிடுவது நிர்வாகத்துக்கு எளிதாகத்தான் இருக்கும்.

டெல்லிக்கு வெளியே பாராத இந்த மனப்போக்கு புதிதன்று. டெல்லியில் அரசியல் சாசன அமர்வும், டெல்லி, சென்னை அல்லது ஐதராபாத், கொல்கத்தா, மும்பை ஆகிய இடங்களில் மேல்முறையீட்டு அமர்வுகளும் அமைக்கலாம் என்று சட்ட ஆணையம் தன் 229-ஆம் அறிக்கையில் 2009-இல் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் வேறிடங்களில் அமர அரசியல் சாசனத்தின் 130-ஆம் பிரிவே இடம் தருகிறது. ஆனால் எல்லா நீதிபதிகளும் கூடி நிர்வாக முடிவெடுக்கும் முழு அமர்வு, 2010 பிப்ரவரியில் டெல்லிக்கு வெளியே அமர்வுகள் அமைக்க நியாயம் ஏதும் காணப்படவில்லை என்று அதை ஒதுக்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்க வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2006-இல் நிறைவேற்றிய தீர்மானம், அதே முழு அமர்வால் 2012 அக்டோபரில் நிராகரிக்கப்பட்டது. தீர்ப்புகளை மாநில மொழிகளில் வெளியிடும் திட்டம் 2019-இல் அறிவிக்கப்பட்டபோது முதற்பட்டியலில் தமிழ் இடம்பெறவில்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே சேர்க்கப்பட்டது. நீதிபதிகள் ஓய்வுபெறுகின்றனர், புதியோர் வருகின்றனர். உச்ச நீதிமன்றம் அமர்ந்திருக்கும் திலக் மார்க் கட்டடத்தின் சன்னல்கள் மட்டும் ஒரே திசையில்தான் திறக்கின்றன.

தொழில்நுட்பத்தில் அந்நீதிமன்றம் காட்டிய தயக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. நீதிமன்ற நடவடிக்கைகளை நேரலையாக ஒளிபரப்பலாம் என்று 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்த நீதிமன்றம், மூன்றாண்டுகள் கடந்து 2021 அக்டோபர் வந்தும் தன் சொந்தத் தீர்ப்பைத் தன் சொந்த அரங்கில் நடைமுறைப்படுத்தியிருக்கவில்லை. குஜராத் உயர் நீதிமன்றம் அதற்குள் யூடியூபில் ஒளிபரப்பத் தொடங்கி, வானம் இடிந்து விழவில்லை என்பதையும் காட்டிவிட்டது. சாட்சியத்தைக் காணொலி வழியே பதிவு செய்யலாம் என்று 2003-இலேயே தீர்ப்பளித்ததும், 2020 ஏப்ரலில் அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி நாட்டின் எல்லா நீதிமன்றங்களுக்கும் காணொலி விசாரணையைச் சட்டபூர்வமாக்கியதும் இதே நீதிமன்றந்தான். காணொலி நீதிமன்றங்களைப் பெருந்தொற்றுக்குப் பிறகும் தொடர வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2020 செப்டம்பரில் பரிந்துரைத்த அறிக்கை எந்த அலமாரியில் கிடந்ததோ தெரியவில்லை. பிறருக்குத் தீர்ப்பாகச் சொல்லப்படும் முற்போக்கு, தன் நிர்வாகத்துக்குக் குறிப்பாணையாக இறங்கும்போது மட்டும் ஏன் இப்படிச் சுருங்கிவிடுகிறது? பொதுப்பணத்தில் வாங்கிய திரைகளும் கேமராக்களும் வாரத்தில் இரு நாள் அணைந்து கிடக்க வேண்டும் என்று ஆணையிட்டதற்குச் சிக்கனமும் காரணமாக இருக்க முடியாது, நோய்த்தடுப்பும் காரணமாக இருக்க முடியாது. எஞ்சுவது, வாதாடத் தகுதியுடையோர் அந்த 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள்தான் இருக்கின்றனர் என்னும் எண்ணம் ஒன்றே.

தொலைவைக் கணக்கில் எடுக்கும் நிரந்தர ஏற்பாடு ஒன்றை உச்ச நீதிமன்றம் வகுத்தாக வேண்டும்; அது மாநில வழக்கறிஞர் மன்றங்களையும் கலந்து வகுக்கப்பட வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும் என்றாலும், செவ்வாய்க்கிழமைக்குத் தந்த விண்ணப்ப வசதியை மற்ற இரு நாள்களுக்கும் நீட்டிப்பதற்கு அன்று ஒரு வரித் திருத்தமே போதுமானதாக இருந்தது. 2021 அக்டோபர் 20-க்குள் அத்திருத்தம் வராவிட்டால், ஏன் வரவில்லை என்பதையாவது நாட்டின் எஞ்சிய பகுதிக்கு எழுத்தில் சொல்லும் கடமை அந்தக் குறிப்பை வெளியிட்டவர்களுக்கு இருந்தது.